இடது பெரியவர், வலது சின்னவர்

மார்ச் 3, திங்கள்

ஷட்டரைத் தூக்கின கையோடு மைத்துனன் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். இரண்டும் இங்கிலாந்துச் சரக்கு. இரண்டிலும் கறுப்பு ஆக்ஸ்ஃபோர்ட் ஷூ, முனைக்குக் குறுக்கே ஒரே ஒரு தையல் வரி, என் அளவு. ஒன்று இவன் அப்பா காலத்திலிருந்து நாங்கள் விற்றுவரும் கம்பெனி. மற்றது நாலைந்து வருடமாகத்தான் எங்கள் அலமாரியில் இருக்கிறது, விலையும் குறைவு. கடைக்குள் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. முதலாவது பெரியவர், இரண்டாவது சின்னவர். வாடிக்கையாளர்களில் சிலரே இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள்.

"அடுத்த வருஷத்துக்கு ஒரு கம்பெனிதான் அத்தான். ரெண்டையும் கட்டி மேய்க்க முடியல. ஜூன்ல ஆர்டர் போடணும். நீங்க போட்டுப் பாத்து எது தேறும்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

அதற்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தான். இடது காலில் பெரியவர், வலது காலில் சின்னவர். ஒரே ஆள், ஒரே நடை, ஒரே தரை. இதைவிட நியாயமான பரீட்சை உலகத்தில் கிடையாதாம். மிச்சமிருக்கும் இரண்டு ஒற்றைகளும் பெட்டியிலேயே புதுசாக இருக்கும், பிற்பாடு பக்கத்தில் வைத்து ஒப்பிட.

தலையாட்டினேன். உள்ளுக்குள் தீர்ப்பை அப்போதே எழுதியாகிவிட்டது. பெரியவரை விட்டுவிட்டு அதென்ன கடை?

மார்ச் 4, செவ்வாய்

முதல் நாள். பெரியவர் குதிகாலைக் கடிக்கிறார். சின்னவர் வந்த அன்றே காலோடு ராசியாகிவிட்டார். இதற்கெல்லாம் மயங்கக் கூடாது. முதல் நாளே வழவழவென்று பேசுகிற ஆளை நான் நம்புவதில்லை, ஷூவையும்தான்.

மார்ச் 6, வியாழன்

பின்னறையில் அடி மாற்றித் தைக்கிற ஆளை நாங்கள் ஊசி என்று கூப்பிடுகிறோம். பேச்சும் அப்படித்தான். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் நானும் அவரும் பெட்டியிலிருந்த புது ஒற்றைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம்.

கட்டுமானம் இரண்டிலும் ஒன்றுதான். மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடியைத் தைக்கிறார்கள். நடுவில் தக்கை. நாளாக ஆக அந்தத் தக்கை போடுகிறவரின் காலுக்கு ஏற்றபடி அமுங்கிக்கொள்ளும். அடி தேய்ந்தால் பிரித்து வேறு அடி போடலாம், மேல்பாகத்துக்கு ஒன்றும் ஆகாது. பசை போட்டு ஒட்டின ஷூவுக்கு இந்த யோகமெல்லாம் கிடையாது.

வித்தியாசம் மற்ற இடங்களில். பெரியவரின் அடியில் தையல் கண்ணுக்கே தெரியாது. தோலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவித் தூக்கி, உள்ளே தைத்து, திரும்ப மூடிவிடுகிறார்கள். சின்னவரின் அடியில் தையல் பள்ளம் அப்படியே திறந்து கிடக்கிறது. மேல் தையலும் பெரியவரில் நெருக்கம். உள்ளே விரலை விட்டு நிமிண்டினால் அவருடைய உள்ளடித் தோல் தடிமன்.

"தையல வெளியில காட்றவன் உள்ள எதையோ மறைக்கறான் சார்" என்றார் ஊசி.

"அவன் மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

"போகப் போகத் தெரியும்."

ஊசிக்குச் சின்னவர்மேல் ஏன் இத்தனை காட்டம் என்று தெரியவில்லை. எனக்கும் அதே காட்டம் இருந்ததால் நான் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒரு வக்கீல். உட்கார்ந்ததும் என் கால்களைத்தான் பார்த்தார். "என்ன சார், காலைல வீட்ல கரண்ட் இல்லையா?"

முனைத் தையல் ஒரு நூலிழை மேலே கீழே இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். பரீட்சை என்று விளக்கினேன். எது ஜெயிக்கும் என்று கேட்டார். பெரியவர்தான் என்றேன், பரீட்சை ஆரம்பித்து ஒரு வாரமே ஆகியிருந்த நிலையில். "அப்ப இது பரீட்சை இல்லையே, பட்டமளிப்பு விழாவாச்சே" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

வந்தேன். சாப்பிட்டேன். எழுத ஒன்றுமில்லை. இடுப்பு.

மார்ச் 22, சனி

மடிப்புகள் விழுந்துவிட்டன. நல்ல தோலை இதில்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவரின் மடிப்பு மெல்லிய வரிகளாக, நெருக்கமாக விழுந்திருக்கிறது. சின்னவருக்கு இரண்டே இரண்டு அகலமான மடிப்பு. மோசம் என்று சொல்ல முடியாது. பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் இவரும் பளபளக்க ஒப்புக்கொள்கிறார். ஆனால் பெரியவரில் வருகிற அந்த ஆழம் இல்லை.

இன்று ஒரு கல்யாண மாப்பிள்ளை, கூடவே அவனுடைய நண்பர்கள். எல்லோருக்கும் முட்டி போட்டு அளவெடுத்து முட்டி போட்டுக் கட்டிவிட்டேன். கடைசி ஆளுக்கு எழுந்திருக்கும்போது அலமாரியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மாமனார் வைத்த சட்டம் ஒன்று உண்டு. விற்பவன் வாடிக்கையாளர் முன்னால் உட்காரக் கூடாது. நிற்க வேண்டும், அல்லது முட்டி போட வேண்டும். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது. சட்டம் மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

சின்னவரின் முனை தேய்கிறது! அடியின் முன்விளிம்பு அரித்ததுபோல் ஆகி, பட்டைத் தையலின் முதல் நூலைத் தொட்டுவிட்டது. பெரியவரின் முனையில் சாதாரணத் தேய்மானம்தான். ஊசியிடம் காட்டினேன்.

"புது லெதர் அடி வளையாது, முனை கொஞ்சம் தேயத்தான் செய்யும். ஆனா இது கொஞ்சம் இல்ல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

என் முகத்திலும் இருந்திருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கம்பள விளிம்பில் தடுக்கி விழப் பார்த்தேன். கையில் மூன்று பெட்டிகள். வாடிக்கையாளர் ஒருவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். மைத்துனன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான்.

தடுக்கியது வலது கால். சின்னவர்.

ஊசியும் நானும் இரண்டு ஷூவையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்துக் குனிந்து பார்த்தோம். எந்த ஷூவுக்கும் முனை தரையில் படாமல் லேசாக எழும்பி நிற்க வேண்டும், அப்போதுதான் நடை உருளும். சின்னவரின் முனைக்கு அடியில் இரண்டு நாணயம் நுழைந்தது. பெரியவருக்கு இரண்டு நுழைந்து மூன்றாவதும் தயங்கித் தயங்கி நுழைந்தது. பிடிபட்டுவிட்டது என்று ஊசி தொடையில் தட்டினார். ஷூ செய்கிற கட்டை அச்சிலேயே கோளாறு. மைத்துனனிடம் போய்ச் சொன்னேன். "ஓ, அப்படியா" என்றான். விலை குறைவான கம்பெனி தேறாமல் போவதில் அவனுக்கு வருத்தம்.

ஏப்ரல் 17, வியாழன்

சின்னவரின் முனைக்கு லாடம் அடித்தாயிற்று. பிறை வடிவத்தில் சின்ன இரும்புத் தகடு, தோலைக் குடைந்து சமமாகப் பதித்து, மூன்று திருகாணி. இல்லாவிட்டால் பட்டையே பிய்ந்துபோய்ப் பரீட்சை பாதியில் நின்றுவிடும். நியாயத்துக்காகப் பெரியவருக்கும் அடித்தோம். ஊசிக்கு அதில் இஷ்டமில்லை. பெரியவருக்கு அவமரியாதையாம்.

ஏப்ரல் 19, சனி

நான் மாடிப்படி ஏறி வரும்போதே மனைவி கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"என்ன சத்தம் அது? டக்குன்னு ஒண்ணு, கர்ருன்னு ஒண்ணு?"

லாடம் என்றேன்.

"அது தெரியுது. ரெண்டுக்கும் அடிச்சிருக்குன்னா ரெண்டும் டக்குன்னுல்ல கேக்கணும்? ஏன் ஒரு காலை இழுத்து வைக்கிறீங்க?"

"காலை இழுக்கல. ஷூ இழுக்குது. அச்சுல கோளாறு."

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஆட்கள் சொல்லும் காரணங்களைக் கேட்கிற வேலை. என்னைப் பார்த்த பார்வையில் நானும் அந்த வரிசையில் நின்றேன். வாதாடத் தெம்பில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தீர்ப்பை எழுத உட்கார்ந்தேன். சின்னவர்: முனை அரிப்பு, தடுக்குதல், அச்சுக் கோளாறு. பெரியவர்: குறையொன்றும் இல்லை. நாலே வரி. இவ்வளவு சுலபமாகவா என்று எனக்கே தோன்றியது. அந்த வக்கீல் மாதிரி யாராவது கேள்வி கேட்டால்?

அதனால் ஆணியை நன்றாக இறக்கிவிடுவோம் என்று பெட்டியில் இருக்கும் புது ஒற்றைகளையும் வெளியே எடுத்தேன். இந்த முறை இடதில் சின்னவர், வலதில் பெரியவர். இடது காலிலும் சின்னவர் அரித்தார் என்றால் கதை முடிந்தது. பிறகு எவனும் வாயைத் திறக்க முடியாது.

மே 3, சனி

வலது முனை தேய்கிறது.

வலதில் இருப்பது பெரியவர்.

மே 4, ஞாயிறு

மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். பால்கனியில் செய்தித்தாளை விரித்து நாலையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். இடது பெரியவர், இடது சின்னவர். வலது பெரியவர், வலது சின்னவர். இடது இரண்டும் ஒழுங்கு. வலது இரண்டும் அரித்திருக்கிறது, ஒரே இடத்தில், சின்னவரில் லாடமே தேய்ந்து, பெரியவரில் தோல் எலி கொறித்த மாதிரி. கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நின்று பார்த்தேன். இடது பாதம் முன்பக்கம் எழும்பியது. வலது எழும்பவில்லை. மனசு சொல்கிறது, தூக்கு, தூக்கு என்று. அது பாட்டுக்குத் தரையில் கிடக்கிறது, யாருக்கோ சொன்ன மாதிரி.

இரண்டு மாதம். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நாணயம் நுழைத்தோம். லாடம் அடித்தோம். ஊசி, நான், மைத்துனன், மூன்று பேரும் ஷூவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி. அதற்குள்ளே ஒரு கால் இருக்கிறது என்று ஒருத்தனுக்குத் தோன்றவில்லையே! வேறு எந்தக் கடையிலும் இப்படி நடந்திருக்காது. ஒரு காய்கறிக் கடைக்காரன்கூட முதல் நாளே கேட்டிருப்பான், கால்ல என்ன சார் என்று.

சிரிப்புதான் வந்தது முதலில். அப்புறம் மனைவி வருவதற்குள் நாலையும் சுருட்டி மறைத்து வைத்தேன்.

மே 5, திங்கள்

சொல்லவில்லை. யாரிடமும்.

கடையில் எனக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். உயரம் என்று கூப்பிடுவோம். முட்டி தேய்ந்து மடக்க முடியாமல் போனதும் மாமனார் ஒரு மாலையைப் போட்டுக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். மரியாதையாகத்தான். ஆனால் அனுப்பிவைத்தார். நிற்க முடியாதவனுக்கு அந்தக் கடையில் இடமில்லை.

என்னை அனுப்ப மாட்டான் மைத்துனன். அதுதான் பயமே. வீட்டில் உட்காருங்கள் அத்தான், மாசாமாசம் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன் என்பான். தங்கமான பையன். ஆனால் நின்று சம்பாதிக்கிற வரைக்கும்தான் நான் அவனுக்கு அத்தான். சும்மா உட்கார்ந்து கை நீட்டினால் அக்கா புருஷன். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மே 7, புதன்

இரண்டாவது ஜோடியை நான் போட்டது யாருக்கும் தெரியாது. ஊசிகூட அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த நாலு வரித் தீர்ப்பு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் போதும். பெரியவரும் நிலைப்பார், நானும் நிலைப்பேன். சின்னவர் போவார். அவர் எனக்கு என்ன, சொந்தமா பந்தமா?

இவ்வளவு நல்ல பொய் ஒன்று தானாக வந்து கையில் விழுந்தது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

மே 9, வெள்ளி

காலையில் ஷூ போட உட்கார்ந்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. மனைவி எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதைத் தூக்குங்க."

தூக்க முடியவில்லை.

"எப்பலேர்ந்து?"

"தெரியல. ஷூன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு வருடத்தில் யாரும் என் காலைப் பிடித்து வைத்துக்கொண்டதில்லை. நான்தான் எல்லோருடைய காலையும் பிடித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம். அவளே நேரம் வாங்கிவிட்டாள்.

மே 13, செவ்வாய்

டாக்டர் என் மகள் வயதுப் பெண். பைக்குள் இருந்து நாலு ஷூவையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதெல்லாம் எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"சாட்சிக்கு."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. அப்புறம் என்னை நடக்கச் சொன்னது, சுத்தியால் தட்டியது, பாதத்தின் மேல்பக்கம் ஊசியால் குத்தித் தெரிகிறதா என்றது. சில இடங்களில் தெரிந்த மாதிரி சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. படமும் எடுத்தார்கள்.

இடுப்பில் எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் ஜவ்வு பிதுங்கி, பாதத்தைத் தூக்குகிற நரம்பை அமுக்குகிறதாம். மாத்திரை, பயிற்சி, பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி. சரியாகலாம், கொஞ்சம் குறை நின்றும் போகலாம், இப்போது சொல்ல முடியாது. மோசமானால் ஆபரேஷன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"நாள் முழுக்க நின்னுட்டா? நிக்கறதைக் குறைக்கணும். முட்டி போடறது, குனியறது கூடவே கூடாது."

வேலையையே விட்டுவிடு என்பதை எவ்வளவு பதவிசாகச் சொல்கிறார்கள்.

மே 14, புதன்

"தம்பிகிட்ட நான் சொல்றேன்" என்கிறாள்.

"நீ சொல்லாத."

"அப்ப எப்ப சொல்லுவீங்க?"

"ஆர்டர் போடட்டும்."

இதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பாத்திரச் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.

மே 20, செவ்வாய்

தாங்கியோடு முதல் நாள். கால்சராய்க்குள் மறைந்துவிடுகிறது. ஆனால் ஷூவுக்குள் நுழைய வேண்டுமே! வலதுக்கு ஒரு அளவு பெரிசாக, கட்டு தளர்த்தி, வாய் அகலத் திறக்கிற என்னுடைய பழைய டெர்பி ஷூ ஒன்றைத் தேடிப் போட்டேன். "பரீட்சை ஷூ எங்க அத்தான்?" என்றான் மைத்துனன். இன்றைக்கு ஓய்வு என்றேன். தோலுக்கு ஓய்வு வேண்டும், ஒரு நாள் போட்டால் ஒரு நாள் மரக்கட்டை அச்சில் ஏற்றி வைக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். தலையாட்டினான்.

முட்டி போடாமல் சமாளித்தேன். ஒரு வாடிக்கையாளரை அவரே கட்டிக்கொள்ளச் சொன்னேன். விநோதமாகப் பார்த்தார்.

மே 23, வெள்ளி

அலுப்பு. மறைப்பது நிற்பதைவிட அலுப்பான வேலை.

மே 26, திங்கள்

"அடுத்த வாரம் ஆர்டர் அத்தான். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். நாளைக்குத் தர்றேன்."

சாயங்காலம் ஒரு பையன் வந்தான், முதல் வேலைக்குப் போகிறானாம். இரண்டு கம்பெனியையும் போட்டுப் பார்த்தான். சின்னவரில் நடந்தபோது முகம் மலர்ந்துவிட்டது. "இது தாங்குமா சார்?" என்று கேட்டான். ஊசி பின்னறை வாசலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "முனை தேஞ்சிடும் தம்பி, சார் போட்டுப் பாத்துட்டாரு" என்று சொல்லிவிட்டார். பையன் கழற்றி வைத்துவிட்டு, யோசிச்சிட்டு வரேன் என்று போனான்.

நல்ல ஷூ அது. அவன் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. என் கால் நொண்டியதற்கு அதன்மேல் பழி. நான் பேசாமல் நின்றேன். இத்தனை வருடம் விற்றதில் ஒருவனுக்கும் தெரிந்து கெட்ட ஷூவைக் கொடுத்ததில்லை. இப்போது தெரிந்தே ஒரு நல்ல ஷூவைக் கொடுக்காமல் விட்டேன். இதுவும் அதுவும் ஒன்றுதானே? ஒன்றுதான்.

மே 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கடை திறப்பதற்கு முன்னால் நாலையும் கல்லா மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். மைத்துனனும் ஊசியும் குனிந்து பார்த்தார்கள்.

"பெரியவர் முனையும் அரிச்சிருக்கே" என்றார் ஊசி. குரல் உடைந்துபோனது. "அப்ப ரெண்டு கம்பெனியும் போச்சா சார்?"

"கம்பெனிக்கு ஒண்ணும் இல்லய்யா. வலது ரெண்டும்தான் அரிச்சிருக்கு, பாரு."

அப்போதும் அவருக்கு ஏறவில்லை. வலது ஷூ தைக்கிற ஆள் சரியில்லையோ என்று ஆரம்பித்தார். நான் கால்சராயைத் தூக்கித் தாங்கியைக் காட்டினேன்.

மைத்துனன் குனிந்து தாங்கியை விரலால் தொட்டுப் பார்த்தான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

சொன்னேன். நிற்கக் கூடாது என்றதையும் சேர்த்துத்தான். இனிமேல் நீ என்ன வேண்டுமானாலும் முடிவு பண்ணு என்றும் சொன்னேன். சொல்லும்போது குரல் எனக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் அக்காவிடம் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. ஊசி நாலு ஷூவையும் துடைத்துத் துடைத்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையன் திரும்ப வருவானா சார்?" என்றார்.

மே 29, வியாழன்

மைத்துனன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நியாயமான தீர்ப்பு எழுதிக் கொடுத்தேன். இந்த முறை இடதை இடதோடு மட்டும் வைத்துப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

பெரியவரின் தோல் உயர்ந்தது, சந்தேகமில்லை. தையல் நெருக்கம், உள்ளடி தடிமன், அடி நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி அழகாக இருக்கிறது, பாலிஷ் ஆழமாக ஏறுகிறது. சின்னவரின் குதிகால் பிடிப்பு மேல், முதல் நாளே கடிக்காமல் பழகுகிறார். அடித்தோல் இரண்டிலும் ஒரே வேகத்தில் தேய்கிறது. இரண்டுக்கும் அடி மாற்றலாம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியவர். போட்டுக்கொண்டு நடந்தால் வித்தியாசம் சொல்ல என்னாலேயே முடியவில்லை. ஒரு கம்பெனிதான் என்றால், அதிகம் பேர் வாங்க முடிகிறது என்பதால், சின்னவர்.

கடைசி வரியை எழுத ரொம்ப நேரம் ஆனது. பெரியவருக்கு ஈடு கிடையாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பாதி உண்மை. மிச்சப் பாதி நான் அந்த மாதிரி ஒன்றை விற்கிறேன் என்கிற திமிர்.

ஜூன் 2, திங்கள்

ஆர்டர் போய்விட்டது. சின்னவர்.

நான் போகும்போது கடையில் புதுசாக இரண்டு சாமான். ஒன்று எனக்கு நாற்காலி, கைப்பிடியோடு. இன்னொன்று அதற்கு முன்னால் போட ஒரு சரிவுப் பலகை, வாடிக்கையாளர் காலைத் தூக்கி அதில் வைத்தால் குனியாமலே அளவெடுக்கலாம். கட்டிவிடுகிற வேலைக்கு வேறு ஆள் பார்க்கிறானாம், அதுவரைக்கும் அவனே செய்வானாம்.

"உங்கப்பா சட்டம்?" என்றேன்.

"அப்பா சட்டம் அப்பாவோட. நீங்க கேட்டிருந்தா என்னைக்கோ போட்டிருப்பேனே அத்தான். நிக்கறதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

எனக்கும் அப்படித்தான் நினைப்பு இருந்தது.

நாள் பூராவும் உட்கார்ந்து விற்றேன். யாரும் தவறாக நினைக்கவில்லை. பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. சுகமாக இருந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது வெட்கமாகவும் இருந்தது. உயரத்துக்கும் இதேபோல் ஒன்று போட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்திலேயே நின்ற எனக்கும்தான்.

ஜூன் 4, புதன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மனைவி சாப்பாடு எடுத்து வைத்தாள். இன்று கடையில் ஒரு ஆள் அடுத்த வருஷம் பெரியவர் கிடையாதென்றதும் ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னேன். அப்புறம் ஊசி சின்னவரின் அடியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சுத்தமாகத்தான் தைத்திருக்கிறான், ஏமாந்துவிட்டோம் என்று முனகினதை. அப்புறம் மைத்துனன் ஒருவருக்கு நாடா கட்டி, அது அவர் கதவைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்து, இவன் பின்னாலேயே ஓடினதை. அவன் ஓடின விதத்தை உட்கார்ந்தபடியே நடித்தும் காட்டினேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க இவ்ளோ பேசுவீங்கன்னு மறந்தே போச்சு."

வீட்டுக்கு வந்தால் பேச ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நாளாக ஆக எல்லா வீட்டிலும் அப்படித்தான் ஆகும்போல, நாமும் அப்படி ஆகிவிட்டோம் என்று. அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். கேட்டேன், ஆமாம் என்றாள்.

நாள் முழுக்க நின்று கால் வலித்திருக்கிறது. அவ்வளவுதான்.

சாப்பாடு ஆறிவிட்டது. அவள் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். உட்காரும்போதே, "சொல்லுங்க, கையைப் பிடிச்ச அந்த ஆள் அப்புறம் வாங்கினாரா இல்லையா?" என்றாள்.